பெரியவர் அழுத்தாத பொத்தான்

சுரங்கத் தொழிலின் முன்னோடிகளைப் போற்றும் விழாக்களுக்கு நான் எதிரியல்லன். பணியில் இருந்த காலத்தில் அத்தகைய விழாக்கள் பலவற்றுக்கு அழைப்பிதழ் எழுதிக் கொடுத்திருக்கிறேன், வரவேற்புரை ஆற்றியிருக்கிறேன், நாற்காலி போதாதபோது ஓரமாக நின்றும் இருக்கிறேன். தன்னைத் தொடங்கிவைத்தவர்களை மறந்துவிட்ட தொழிலுக்கு, போன மாத உற்பத்தி மட்டுமே நினைவிருக்கும். ஆகையால், இவ்வாண்டு பணியில் சேர்ந்திருக்கும் இளம் பொறியாளர்களாகிய நீங்கள் அப்படியொரு விழா எடுக்கவிருப்பதாக எழுதியபோது மகிழ்ந்தேன். நீங்கள் இணைத்திருந்த நிகழ்ச்சி நிரலையும் படித்தேன். அதன் கடைசி வரி, ‘சிறப்பு விருந்தினர் வெடிப்பைத் தொடங்கிவைத்தல்’ என்றிருந்தது.

அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் எனக்குச் சொல்ல வேண்டியது உண்டு.

நான் ஓய்வுபெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, காரமடைக்குக் கிழக்கே ஒரு கரட்டின், அதாவது சிறு பாறைக்குன்றின், அடியில் அமைந்த சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு மேலாளராக இருந்தேன். நிலத்துக்குள் நுழையும் சுரங்கமன்று. வானம் பார்த்த திறந்த குழி. அதன் உரிமையாளர் மயில்சாமி என்பவர். உழவர் குடும்பத்தில் பிறந்து, தோட்டத்தை ஒட்டிய மேட்டில் கல் இருப்பதை அறிந்து தொழிலுக்கு வந்தவர். அந்த வட்டாரக் கனிமத் தொழில் சங்கத்தின் செயலாளரும் அவரே. எவர் மனத்தையும் நோகவிடாதவர். சங்கத்தை அவர் கட்டிக்காத்ததும் அந்தக் குணத்தால்தான். அன்று எங்களுக்கு வந்த இடரும் அந்தக் குணத்தால்தான்.

சங்கத்தின் ஆண்டு விழாவில் நாட்டின் சுரங்கத் தொழிலுக்கு வழியமைத்த ஒருவரைப் போற்றுவது என்று முடிவாயிற்று. அவரை இங்கே பெரியவர் என்றே குறிப்பிடுகிறேன். எல்லாரும் அவ்வாறே அழைத்தனர். அவிநாசிப் பக்கத்து ஊர் ஒன்றில் பிறந்தவர். இளமையில் எங்கள் குழியில்தான், அது சிறு பள்ளமாக இருந்த காலத்தில், மேற்பார்வையாளராகச் சேர்ந்தார். பின்னர் வடபுலத்து நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்றார். அங்கே கூரை சரிந்து ஆட்கள் மடிவதைத் தலைவிதி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அது தலைவிதியன்று, முட்டுக்கொடுக்கும் மரத்தின் தரம் என்று முதலில் சொன்னவர்களுள் அவர் ஒருவர். சொன்னதோடு நில்லாமல் மரத்தை மாற்றவும் செய்தார். படிப்படியாக உயர்ந்து நாடு முழுமைக்குமான பொறுப்புகளில் அமர்ந்தார். சுரங்கப் பாதுகாப்புக்கான நெறிகளை வகுத்த குழுக்களிலும் இருந்தார். இன்று நீங்கள் தலைக்கவசம் அணிந்து எரிச்சலடையும் ஒவ்வொரு தருணத்திலும் அத்தகையவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறீர்கள்.

இத்தகையவருக்குப் பொன்னாடை போதாது என்று மயில்சாமி கருதினார்.

“ஏனுங்க சார், ஐயா இங்கதானுங்க மொதல்ல வேலைக்குச் சேந்தாரு. அவரு கையால ஒரு வெடி போட்டுட்டா நம்ம குழிக்கே பெருமைங்க” என்றார்.

விருந்தினர் கையால் வெடிப்பைத் தொடங்குவது எங்கள் தொழிலில் பழைய வழக்கம். கட்டடத்துக்கு நாடா வெட்டுவது போன்றது. நாடா திருப்பி வெட்டாது என்பது மட்டுமே வேறுபாடு. நான் ஒரே ஒரு நிபந்தனை விதித்தேன். வெடிக்கும் நேரத்தை மேடை முடிவு செய்யக்கூடாது, நான்தான் முடிவு செய்வேன் என்றேன்.

“அதுக்கென்னுங்க. நீங்க சொல்றதுதானுங்க” என்றார் மயில்சாமி.

கொங்கு நாட்டில் எதற்கும் முதல் விடை உடன்பாடாகவே இருக்கும். மறுப்பு பின்னால், வேறு வண்டியில் வரும். இதை நான் அறிந்திருந்தேன்.

தொழில்நுட்பத்தை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆயினும் அன்று எங்களிடம் இருந்தவை பழைய மின்வெடிதூண்டிகள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் வெடிதூண்டி என்பதைத் தொழிலாளர் ‘கேப்பு’ என்பர். எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் அவர்கள் மாற்றிக்கொள்ளவில்லை; கேப்பும் அதனால் வெடிக்கத் தவறியதில்லை. பாறையில் துளையிட்டு, மருந்து நிரப்பி, கேப்பை இறக்கிவைத்த பிறகு, கம்பிகளை வெடிப்புக் கருவியிலிருந்து வரும் நீண்ட வடத்தோடு இணைக்க வேண்டும். இந்த இணைப்பை மட்டும் கடைசிவரை ஒத்திவைப்போம். அனைவரும் விலகிய பிறகு, வெடிப்பாளர் ஒருவர் மட்டும் குழிக்குள் இறங்கி நடந்துபோய் இணைத்துவிட்டுத் திரும்பி வருவார். அதன் பிறகே பொத்தான். மின்னல் அருகிலிருக்கும்போது அந்த நடை கூடாது. பொத்தானுக்குக் காத்திராமல் மின்னலே அந்த வேலையை முடித்துவிடக்கூடும். நான் சொல்லப்போவதெல்லாம் அந்த ஒற்றை மனிதரின் நடையைப் பற்றியது.

எங்கள் வெடிப்பாளர் பெயர் காதர். கோவைக் கோட்டைமேட்டுக்காரர். நாள்தோறும் மேட்டுப்பாளையம் பாசஞ்சரில் வந்து காரமடையில் இறங்குவார். பேச்சுக் குறைவு, சிரிப்பு அதனினும் குறைவு. விழா நாளன்று வெடிப்புக் கருவியை மேடைமீது ஒரு சிறு மேசையில் வைத்து, அதற்குச் சம்பங்கி மாலை சூட்டிக் குங்குமமும் இட்டிருந்தார்கள். காதர் வந்து பார்த்தார். மாலையைக் கழற்றி மேசைக்காலில் மாட்டினார்.

“பூ உள்ள உளுந்துச்சுன்னா அப்பறம் நாந்தானுங்க நோண்டோணும்” என்றார்.

குங்குமத்தை அவர் ஒன்றும் செய்யவில்லை.

விழாப் பந்தல் அபாய எல்லைக்கு வெளியே, அலுவலகத்தை ஒட்டி அமைந்திருந்தது. அங்கிருந்து குழி நன்கு தெரியும். சித்திரை மாதப் பிற்பகல். துளைகளில் மருந்து நிரப்பியாயிற்று. பெரியவர் வந்து அமர்ந்தார். மெலிந்த உடல், வெள்ளை வேட்டி சட்டை. விழா தொடங்கியது.

முன்னிலை வகிப்போர் என்று மயில்சாமி அழைத்திருந்தவர்கள் மேடை கொள்ளாத அளவுக்கு இருந்தனர். ஒருவரை விட்டால் ஒருவருக்கு வருத்தம் வரும். அழைத்தவரைப் பொன்னாடை போர்த்தச் சொல்லாமல் இருக்க முடியாது. போர்த்தியவரை ‘ரெண்டு வார்த்தை’ பேசச் சொல்லாமல் இருக்கவும் முடியாது. லாரி உரிமையாளர்கள் பேசினார்கள். கல் அரைவை ஆலைக்காரர்கள் பேசினார்கள். சோமனூரிலிருந்து வந்திருந்த விசைத்தறி உரிமையாளர் ஒருவர், மயில்சாமியின் சம்பந்தி, சுரங்கத்துக்கும் தமக்கும் உள்ள தொடர்பு தாம் கொண்டுவந்த துண்டுகளே என்று தொடங்கி, நூல் விலையைப் பற்றி நெடுநேரம் பேசி, பெரியவரை வணங்கி முடித்தார். பெரியவர் மீது ஆடைகள் அடுக்கடுக்காகப் படிந்தன. எந்த அடுக்கு முந்தியது என்று நிலவியலார் ஆய்ந்து சொல்லும் நிலைக்கு வந்திருந்தார். வெயிலில் வியர்த்துக்கொண்டிருந்தார், எவருக்கும் முகம் சுளிக்கவில்லை.

சம்பந்திக்குப் பின் இன்னும் ஐந்தாறு பேர் இருந்த நிலையில், காதர் மேடைக்குப் பின்புறம் வந்து என்னருகே நின்றார்.

“சார், மேக்க இருட்டிட்டு வருதுங்க.”

நானும் கண்டிருந்தேன். நீலமலைப் பக்கம் வானம் ஈயநிறம் கொண்டிருந்தது.

“இப்பவே போயி கனெக்சன் குடுத்துட்டு வந்தர்றேனுங்க. மழைக்கு முன்ன முடிச்சுப்போடலாங்க” என்றார் காதர்.

அவர் சொல்லி முடிக்கும்போது இடி கேட்டது. பெரிய ஓசையன்று. தொலைவில் யாரோ காலித் தகரப் பீப்பாயை உருட்டியது போன்ற ஒலி. மேடையில் எவரும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. ஒலிபெருக்கி அதைவிட வலுவாக இருந்தது.

போக வேண்டாம் என்றேன்.

“சரிங்க” என்றார் காதர். ஆனால் நகரவில்லை. மேடையைப் பார்த்தார். “ஐயாவுக்கு யாருங்க சொல்றது?”

அதுதான் வினா. நான் அவரிடமிருந்து வெடிப்புக் கருவியின் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பிறகு சங்கை ஊதச் சொன்னேன். குழியைச் சுற்றிய தடங்களில் காவலர்கள் சிவப்புக் கொடியோடு நின்று எவரையும் உள்ளே விடக்கூடாது, தாங்களும் எல்லைக்கு வெளியே ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பது அந்தச் சங்கின் பொருள். மருந்து நிரம்பிய பாறையை மின்னலிடம் ஒப்படைத்துவிட்டு மனிதர்களை மட்டும் காத்துக்கொள்ளும் ஏற்பாடு.

சங்கு ஊதியதும் பந்தலில் கைத்தட்டல் எழுந்தது. வெடிக்கப்போகிறது என்று அனைவரும் கைப்பேசிகளைக் குழியை நோக்கி உயர்த்தினார்கள். பேசிக்கொண்டிருந்தவர் தம் பேச்சுக்குத்தான் கைத்தட்டல் என்று எண்ணி மறுபடி தொடங்கினார்.

மயில்சாமி விரைந்து வந்தார்.

“என்னுங்க சார், சங்கு ஊதிட்டீங்க. ஐயா இன்னும் பட்டன அமுத்தலீங்களே.”

வெடிப்பை நிறுத்திவைக்கிறேன், இடி கேட்டது என்றேன்.

“இடிங்களா? அது ஊட்டியிலங்க” என்றார். பந்தலுக்கு வெளியே கையை நீட்டி, உள்ளங்கையை எனக்குக் காட்டினார். “பாருங்க, ஒரு தூத்தல் இல்லீங்க.”

மின்னலுக்கு நனைந்த கை தேவையில்லை.

“ஐயா இந்த வயசுல டெல்லியில இருந்து வந்திருக்காருங்க. பொழுதோட கோயமுத்தூர் போயி ரயில் ஏறோணும். இன்னொரு வாட்டி வருவாருங்களா? நீங்களே சொல்லுங்க. காதரு போயி ரெண்டு கம்பிய முறுக்கிட்டு வரப்போறாப்ல. எத்தன நாளா பண்ற வேலைங்க இது.”

இயலாது என்றேன். நிபந்தனையை நினைவூட்டினேன்.

“உங்க பேச்ச நான் தட்டுவனுங்களா?” என்று மயில்சாமி உண்மையான வருத்தத்தோடு சொன்னார். “ஆனா ஒண்ணுங்க. நம்மளவிட ஐயாவுக்குத் தெரியுமுங்க. அவரையே கேட்டுப்போடலாங்க.”

வேறு வண்டியில் வந்த மறுப்பு இதுதான். நாட்டில் இந்தப் பொருள் குறித்து அவருக்கு மேல் சொல்லத் தக்கவர் அதிகம் பேர் இல்லை. அத்தகைய நடுவரை முன்னே வைத்துவிட்டு மேலாளரின் சொல்லே முடிவானது என்று நான் வாதிடுவது வேடிக்கையாக இருந்திருக்கும். இருவரும் பெரியவரிடம் சென்றோம். பேச்சாளர் பேசிக்கொண்டே இருந்தார்.

மயில்சாமி காதோடு சொன்னதைப் பெரியவர் கேட்டார். குழியைப் பார்த்தார். மேற்கு வானத்தையும் பார்த்தார்.

“எங்க காலத்துல மழை பேஞ்சுட்டு இருக்கறப்பவும் போட்டிருக்கோமுங்க” என்றார் மெல்ல. பிறகு என்னை நோக்கி, “போயிட்டு வரட்டுமுங்களே. நான் இங்கதானுங்க ஆரம்பிச்சேன். கடசியா இங்கயே ஒண்ணு போட்டுட்டுப் போயிடறனுங்க” என்றார்.

ஆணையிட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் கேட்டுக்கொண்டார். எண்பதைக் கடந்தவர், தாம் தொடங்கிய இடத்தில், ஒரே ஒரு பொத்தானைக் கேட்கிறார்.

இடிமின்னல் நேரத்தில் மருந்து நிரப்பிய இடத்தை நெருங்கலாகாது என்ற நெறியை நான் அவருக்கு எடுத்துரைத்திருக்கலாம். அதை வகுத்த குழுவில் அவரே இருந்தார் என்பதால் அதைச் செய்யவில்லை. ஒருவர் எழுதியதை அவருக்கே, பலர் முன்னிலையில், பொன்னாடைகளுக்கு நடுவே படித்துக் காட்டுவதும் ஒருவகை வெடிப்புத்தான்.

இதற்குள் காதர் மேடையோரம் வந்துவிட்டார். காலணிக் கயிற்றை இறுக்கிக் கட்டியிருந்தார்.

“போறனுங்க சார். ஒண்ணும் ஆகாதுங்க. எல்லாரும் காத்திருக்காங்க” என்றார்.

நண்பர்களே, இதைக் கவனியுங்கள். அவரை எவரும் மிரட்டவில்லை. மயில்சாமி அவருக்கு ஆணையிடவில்லை. பெரியவரும் இடவில்லை. இத்தனை பேர் காத்திருக்கையில் போகமாட்டேன் என்பது மரியாதையாகாது. அதனால் அவர் கயிற்றைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் பக்கத்துச் சுரங்கங்களில் துணிச்சலால் மாண்டவர்களைவிட மரியாதையால் மாண்டவர்கள் மிகுதி என்பது என் எண்ணம். இதை நிறுவுவதற்கு என்னிடம் சான்று இல்லை. மாண்டவர்களும் மரியாதை கருதி எதுவும் சொல்லவில்லை.

நான் பணியில் சேர்ந்த புதிதில், சேலம் வெள்ளைக்கல் சுரங்கம் ஒன்றில் எனக்கு மேலதிகாரியாக ஒருவர் இருந்தார். இடர் உள்ள வேலைக்கு அவர் தொலைபேசியில் ஆளனுப்பமாட்டார்; இன்னொருவர் வழியாகவும் சொல்லமாட்டார். எவ்வளவு தொலைவானாலும் நடந்துபோய், போகப்போகிறவனின் எதிரே நின்று, பெயர் சொல்லி அழைத்து, போ என்பார். இதனால் வேலை தாமதப்படுகிறது என்று நாங்கள் குறைப்பட்டுக்கொண்டோம். அவர் விளக்கம் எதுவும் தந்ததில்லை. ஆனால் அவ்வளவு தொலைவு நடந்து, எதிரே நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்த நாட்களும் உண்டு.

நான் பெரியவரிடம் சொன்னேன்: ஐயா, இவரைப் போகச் சொல்ல என்னால் இயலாது. தாங்கள் விரும்பினால் தாங்களே இவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள்.

காதரை அவர் முன் நிறுத்தினேன். மயில்சாமிக்கு இது பிடித்திருந்தது. சிக்கல் தீர்ந்துவிட்டதென்று நினைத்தார். பேச்சாளரும் ஒருவாறு முடித்திருந்தார். பந்தல் அமைதியாயிற்று.

பெரியவர் காதரை ஏறிட்டுப் பார்த்தார்.

“பேரென்னுங்க கண்ணு?”

“காதருங்க ஐயா.”

“இங்க பக்கத்துலயே ஊடுங்களா?”

“இல்லீங்க, கோட்டைமேடுங்க. பாசஞ்சருல வந்துபோட்டு பாசஞ்சருலயே போயிருவனுங்க.”

“சாயங்கால வண்டிங்களா?”

“ஆமாங்க. அதுக்குள்ள முடிச்சுருவனுங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, ஓடிப்போயிட்டு வந்தர்றேன்.”

பெரியவர் வாயெடுத்தார். அந்த ஒரு வார்த்தை வரவில்லை. மீண்டும் இடித்தது, இம்முறை ஒலிபெருக்கி குறுக்கிடவில்லை. காதர் திரும்பிப் பார்க்காமல் கைகட்டி நின்றார்.

“ஊட்ல காத்துட்டு இருப்பாங்களாட்ட இருக்குது” என்றார் பெரியவர்.

“புள்ளைக்குக் கண்ணாடி வாங்கோணுங்க. கரும்பலகை தெரியலைன்னு டீச்சர் சொல்லியுட்டாங்க. இன்னிக்குக் கடைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிப்போட்டேன்.”

பெரியவர் அவருடைய காலணிகளைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோளில் கிடந்த பொன்னாடைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்தார். அதற்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

“அப்ப வண்டிய உட்றாதீங்க கண்ணு” என்றார். மயில்சாமியிடம் திரும்பி, “எனக்கு வேண்டாமுங்க” என்றார்.

“ஐயா, உங்க ஆசைங்களே அது.”

“ஆசைதானுங்க. வேண்டாமுங்க.” பிறகு காதரைக் காட்டி, “இவருக்கு ஒரு சேர் போடுங்க” என்றார்.

மேடையில் காலி நாற்காலி இல்லை. உடனே முன்னிலை வகித்தவர்கள் அத்தனை பேரும் தத்தம் நாற்காலியைத் தருவதற்காக எழுந்து நின்றார்கள். காதர் எதிலும் உட்காரவில்லை. ஒருவருக்கொருவர் நீங்கள் உட்காருங்கள் என்று சொல்லிச் சொல்லி அனைவரும் மறுபடி அமர்வதற்குச் சிறிது நேரம் பிடித்தது.

இந்த இடத்தில் ஒரு மின்னல் வந்து பாறையைத் தகர்த்ததாகவும், அனைவரும் என் முன்னறிவை வியந்ததாகவும் நீங்கள் எதிர்பார்க்கக்கூடும். மழை வரவில்லை. பந்தலின் மீது பத்திருபது துளிகள் விழுந்தன. மேகம் மேட்டுப்பாளையத்தைத் தாண்டி வடக்கே போய்விட்டது. சற்று நேரத்தில் வெயில் அடித்தது. விழாவில் குடை கொண்டுவந்திருந்தவர்கள் மட்டும் சிறிது ஏமாற்றமடைந்தார்கள். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

“மேனேஜர் சாரு இங்க இருக்கற ஆளே இல்லீங்க. மழையாபீசுல போட்டிருக்கோணும்” என்றார் லாரி உரிமையாளர் ஒருவர். பலர் சிரித்தனர். நானும் சிரித்தேன், நல்ல நகைச்சுவைதான்.

உடனே ஆளை இறக்கியிருக்க முடியாதா என்று கேட்பீர்கள். கடைசி இடிக்குப் பிறகு போதிய நேரம் கழியவேண்டும். வெயில் அடிக்கிறது என்பதற்காக அதைக் குறைத்துக்கொள்ள முடியாது. அதுவரை தடங்களில் சிவப்புக் கொடி இறங்கவில்லை. பெரியவருக்கோ ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இதற்கிடையே, அவர் இளமையில் அறை எடுத்துத் தங்கியிருந்த பக்கத்துக் குக்கிராமத்தார் வந்து, தங்கள் ஊரிலும் ஒரு துண்டு போர்த்த வேண்டுமென்று வேண்டினார்கள். அவர் மறுக்கவில்லை. அவரும் கொங்கு நாட்டவரே. காரில் ஏறும்போது அனைவருக்கும் கைகூப்பினார். அவர் மனம் நொந்து போகிறாரா என்று அறிவதற்கு அந்த முகத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை.

பொழுது சாய்வதற்கு முன், வானம் முழுதும் தெளிந்த பிறகு, காதர் குழிக்குள் நடந்துபோனார். இணைத்தார். திரும்பி வந்தார். அவரிடம் சாவியைக் கொடுத்தேன். சங்கு ஊதியது. குங்குமம் இட்ட கருவியின் பொத்தானை அவரே அழுத்தினார். பந்தலில் அப்போது மயில்சாமியும் நாற்காலி அடுக்குகிறவர்களும் மட்டுமே இருந்தார்கள். பாறை சீராக, படியாகச் சரிந்து அமர்ந்தது. குறை சொல்ல இடமில்லாத வெடிப்பு. ஒருவரும் கைத்தட்டவில்லை.

துளைகளைச் சோதித்து எல்லாம் வெடித்தன என்று உறுதி செய்தபின், காதரைத் தம் காரில் ஏற்றிக் காரமடை ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டவர் மயில்சாமி. என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அதன் பிறகும் ஏறக்குறைய ஒரு மாதம் அவர் என்னோடு தேவைக்கு மேல் பேசவில்லை. பெரியவரின் கடைசி ஆசையைக் கெடுத்த மேலாளர் என்ற பெயர் சங்கத்தில் எனக்கு நிலைத்தது. காதர் போயிருந்தால் ஒன்றும் ஆகாமல் திரும்பியிருக்கவே வாய்ப்பு மிகுதி. இந்தப் பணியில் சரியாக எடுத்த முடிவுக்குத் தடயம் இராது. தவறாக எடுத்த முடிவுக்கு மட்டுமே படம் எடுப்பார்கள், அளப்பார்கள், ஆணையம் அமைப்பார்கள். உங்களுக்குப் பாராட்டு தேவைப்பட்டால் வேறு துறை பாருங்கள். இதை எள்ளலாகச் சொல்லவில்லை.

எனினும் பெரியவரின் முகம் மட்டும் எனக்கு உறுத்தலாகவே இருந்தது. போற்றுவதற்கென்று அழைத்து, கேட்டதைத் தராமல் அனுப்பியிருந்தோம்.

மறுநாள் காலை, கரட்டோரத் தடத்தில் முந்தைய நாள் கொடிபிடித்து நின்ற காவலர் ரங்கசாமி என் அறைக்கு வந்தார். கதவருகே நின்று தலையைச் சொறிந்தார்.

“சார், நேத்து ஒரு கார நிறுத்திப்போட்டனுங்க. தப்புங்களா?”

எந்தக் கார் என்று கேட்டேன்.

அவர் சொன்னது இது. குக்கிராமத்திலிருந்து திரும்பும்போது, நேரமாகிவிட்டதென்று ஓட்டுநர் முதன்மைச் சாலையை விட்டு, குறுக்கு வழியாகக் கரட்டோரத் தடத்தில் வந்திருக்கிறார். ரங்கசாமி கொடியை நீட்டி நிறுத்தியிருக்கிறார். ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி, உள்ளே இருப்பவர் யாரென்று தெரியுமா என்று கேட்டிருக்கிறார். தெரியாது என்பதே ரங்கசாமியின் விடை. பிற்பகல் முழுதும் அவர் தடத்திலேயே நின்றவர், விழாவைப் பார்க்கவில்லை.

“அதுக்குள்ள பின்னால இருந்து ஒரு பெரியவரு டிரைவருகிட்டச் சொன்னாருங்க: ‘அவரு கொடி புடிச்சிருக்காருல்லீங்க, வண்டிய அமத்துங்க’ன்னு. அமத்திப்போட்டு அவரே எறங்கி வந்து நின்னாருங்க.”

அங்கே ஏற்கெனவே ஒருவர் நின்றிருந்தார். ராமாத்தாள் என்னும் ஆடு மேய்க்கும் பெண். பட்டிக்குத் திரும்ப வேண்டிய ஆடுகளோடு இடி இடித்ததிலிருந்து காத்திருந்ததால் நல்ல கோபத்தில் இருந்தாள். அவர்கள் பேசிக்கொண்டதை ரங்கசாமி ஏற்ற இறக்கம் குறையாமல் எனக்குச் சொன்னார்.

“நீங்களும் வெடிக்குத்தானுங்க நிக்கறீங்களா?” என்று அவள் கேட்டிருக்கிறாள்.

“ஆமாங்க அம்மணி.”

“இவனுக எப்பவும் இப்பிடித்தானுங்க. இன்னிக்கு யாரோ பெரிய மனுசன் வந்து பட்டன அமுத்தோணுமாமா. அதுக்கு என்ற ஆடு நிக்கோணுமாமா.”

“வந்தாருங்களா அவரு?”

“எங்கீங்க. துண்ட வாங்கிட்டு அப்பவே போயிருப்பான்.”

“இருக்குமுங்க” என்றாராம் பெரியவர்.

அப்போதுதான் வெடித்திருக்கிறது. பெரியவர் கரட்டைப் பார்த்தபடி, அதிர்வு அடங்கும்வரை அசையாமல் நின்றிருக்கிறார். ஓட்டுநர் வண்டியைக் கிளப்பியிருக்கிறார். ‘இன்னும் அடங்குன சங்கு ஊதலீங்க’ என்று பெரியவர் அவரைத் தடுத்திருக்கிறார். நாங்கள் துளைகளைச் சோதித்து முடிக்கும்வரை நின்றிருக்கிறார்கள். சங்கு ஊதியபின் ரங்கசாமி கொடியை இறக்க, முதலில் ஆடுகள் போயின. அவற்றின் பின்னால் ராமாத்தாள். கார் கடைசியாக, ஆடுகளை நெருக்காமல், அவற்றின் நடைக்கு ஏற்ப ஊர்ந்து போயிருக்கிறது.

தவறில்லை, சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள் என்று ரங்கசாமியிடம் சொன்னேன். அவர் நிம்மதியடைந்தார்.

“அவரு யாருங்க சார்?” என்று கேட்டார்.

நம் நாட்டின் சுரங்கத் தொழிலுக்கு வழியமைத்தவர்களுள் ஒருவர் என்றேன்.

“அப்படீங்களா” என்றார் ரங்கசாமி. புறப்படும்போது சொன்னார்: “சொன்னாக் கேட்டுக்கற மனுசனுங்க.”